கருப்பூரத்தின் வரலாறும் திருக்கோயில் வழிபாடும்

எல்லாம் வல்ல இறைவன் பூவில் மணமாகவும், பாலில் நெய்யாகவும், உயிர்க்குயிராகவும் எங்கும் நிறைந்து நிற்கின்றான் என்பது ஆன்றோர் கொள்கை. மணத்துக்கு வடிவம் இல்லை. ஆயினும் அதனை உணராதார் இலர். அதுபற்றியே நறுமணப் பொருள்கள் வழிபாட்டில் சிறந்த இடம் பெற்றன. சந்தனம், அகில், குங்கிலியம், கத்தூரி, கருப்பூரம் என்னும் இவற்றுள் இறுதியாக நின்ற கருப்பூரம் குடமுழுக்கு நன்னாளில் ஈரிடத்துத் தோன்றும். வேள்விச் சாலையில் எழுந்தருளச்செய்த கும்பத்து நீரில் ஏலம், இலவங்கம், வெட்டிவேர் முதலியவற்றோடு பச்சைக் கருப்பூரமாகக் கலந்து நிற்பது ஒன்று. பூசை நிறைவில் தட்டின்மேல் சுடராக நின்று இறைவன் திருமேனியைக் காட்டுவது மற்றொன்று. நீரில் மணமாகவும் நெருப்பில் ஒளியாகவும் நிற்கும் இப்பொருள் எங்கு விளைந்தது, எவர் கொணர்ந்தனர், எவ்வாறு மருந்தாயிற்று, இன்று எந்நிலையில் உள்ளது என்பனவற்றைத் திருப்பணிச் செல்வர்களும் அடியார்களும் அறிந்துகொள்ளுதல் நலம். பெயர் ஒன்றாக நிற்கப் பொருள் மூன்றாகப் பிரிந்துவிட்ட வரலாறு இது.

பெயரும் மரமும்

கருப்பூரம், கர்ப்பூரம், கற்பூரம் என இச்சொல் தமிழில் பலவாறு வழங்கும். வடமொழியில் கர்ப்பூரம் என்பர். அராபியர் காபூர் என்பர். மலாய் மொழியில் காப்பூர் என்பது சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்; அம்மொழியினர் இப்பொருளைக் 'காப்பூர் பாருசு' என்பர். பாருசு என்னும் ஊரின் வெண்சுண்ணம் என்பது அதன் பொருள். அம்மலாய்ச் சொல்லோடு ஏனைய மொழிச் சொற்களுக்குத் தொடர்புண்டு எனக் கருதுவாரும் உளர்.

பாருசு என்பது சுமத்திராத் தீவின் மேலைக் கடற்கரையில் உள்ள பழந்துறை. அராபியர் அதனைப் பன்சூர் என வழங்கினர். அதனை அடுத்த மலைக்காடுகளிலும், போர்னியோத் தீவிலும், மலாய் நாட்டின் சில பகுதிகளிலும் வானளாவ வளரும் பெருமரம் ஒன்று உண்டு. நிலைத்திணை நூலார் அதனை டிரையோபலனாப்ஸ் என்பர். அதன் முதிர்ந்த அடிமரத்தின் உள்ளே, வயிரத்தில் உண்டாகும் வெடிப்புகளில், பனிக்கட்டித் துண்டுகள்போல வெண்மையான பளிங்குப் படிவங்கள் தாமே விளைந்து கிடக்கும். அதுவே பழைய கருப்பூரம். பச்சைக் கருப்பூரம் என்னும் பெயர்க்கு உரியது. எல்லா மரத்திலும் அது விளைவதில்லை. பல மரங்களை வீழ்த்திப் பிளந்தும் சிலவற்றிலேயே அது கிடைக்கும், கிடைப்பதும் சிறிதளவே.

மலாய் நாட்டின் தென்பகுதியில் இதனைத் தேடிக் காடு புகுந்த குடிகள், தேடும் நாள்களில் தம் வழக்கமான பேச்சை ஒழித்து, அதற்கென அமைந்த தனிச்சொற்களையே வழங்கினர்; சில உணவுகளையும் விலக்கினர். வழக்கமான சொல்லைச் சொல்லின் மரம் தன் செல்வத்தை மறைத்துக்கொள்ளும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஒருவகை நோன்பிருந்தே இம்மணப்பொருள் காட்டினின்று கொணரப்பட்டது எனலாம்.

தமிழகம் கண்ட கருப்பூரம்

இம்மரம் தமிழகத்து மலைகளில் விளைவதன்று. ஏழாம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், பாண்டிநாட்டை ஒட்டிய மலய மலையில் சந்தன மரத்தோடு கருப்பூர மரமும் உண்டு என எழுதினார். மரத்தைப் பச்சையாக வெட்டும்போது மணம் இராது, உலர்ந்தபின் பிளந்தால் பனிபோன்ற படிவம் தோன்றும் என்று அவர் கூறும் இலக்கணம் சுமத்திரா மரத்துக்குப் பொருந்துவது. தென்னாட்டு அங்காடிகளில் கருப்பூரம் மிகுதியாக விற்கப்பட்டமையின், அஃது இந்நாட்டிலேயே விளைந்தது எனக் கேட்டார் அவரிடம் கூறினர் போலும்.

உண்மையில் அது கடல்வழி வந்த சரக்கு என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. கீழ்க்காற்று மதுரைக்கு வரும்போது, கப்பல்கள் கொணர்ந்த அகில், துகில், சந்தனம், வாசப் பொருள்கள் என்பவற்றோடு தொகுத்த கருப்பூரத்தின் மணத்தையும் உடன்கொண்டு வந்ததாக ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் பாடியுள்ளார். அவ்விடத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் கருப்பூர வகைகளை நிரல்படத் தொகுத்துக் காட்டினார். அந்நிரலில் வாரோசு என ஒன்றும், சூடன் என ஒன்றும், சீனச் சூடன் என ஒன்றும் காணப்படுகின்றன. வாரோசு என்பது பாருசுத் துறையின் பெயரே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. சீனச் சூடன் என்னும் பெயர், சீன நாட்டு மரத்தினின்று பெறும் வேறொரு கருப்பூரமும் அந்நாளில் தமிழர்க்குத் தெரிந்திருந்தது என்பதைப் புலப்படுத்தும். இன்று பொதுமக்கள் சூடம் என வழங்கும் சொல்லின் பழைய வடிவம் அவ்வுரையில் நின்று நிலவுகின்றது. வகையறிந்து வாங்கிய வணிகரும், வகையறிந்து உரை கூறிய புலவரும் வாழ்ந்த காலம் அது.

கடல் கடந்த கல்வெட்டுகள்

பாருசை அடுத்த லோபு துவா என்னும் இடத்தில் 1873-ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. அது தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1010, அஃதாவது கி.பி. 1088-இல் பொறிக்கப்பட்டது, முதற்குலோத்துங்க சோழன் ஆண்ட காலம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் அவ்வூரில் கூடித் துறைமுகத்துக்கு வரும் மரக்கலங்களின்மீது விதித்த ஆயத்தைப் பற்றியது. வாரோசு என்னும் ஊர்ப்பெயரும் அதில் உள்ளது. பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் 1932-இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். 1995-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு நாட்டாரும் இந்தோனேசிய நாட்டாரும் கூடி நிகழ்த்திய அகழாய்வில், ஒன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கு வாழ்ந்த வணிக ஊரின் சின்னங்கள் கிடைத்தன. ஈழமும் தமிழகமும் கடந்து, வங்கக் கடலையும் கடந்து, கருப்பூரம் விளையும் காட்டின் வாயிலிலேயே தமிழர் சென்று குடியிருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அவ்வாறு சென்றோர் தம் வழிபாட்டை மறந்தாரல்லர். சீனச் சூடன் விளையும் சீன நாட்டின் தென்கீழ்க் கரையில் உள்ள சுவான்சௌ துறைமுகத்திலும் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. சக ஆண்டு 1203, அஃதாவது கி.பி. 1281-இல், சம்பந்தப் பெருமாள் என்பார் அங்கே சிவபெருமானுக்குத் திருக்கோயில் கண்ட செய்தியை அது கூறும். சீனத்தை அந்நாள் ஆண்ட குப்லாய்கானின் நலம் கருதி அத்திருவுருவம் எழுந்தருளுவிக்கப் பெற்றது. பாருசு ஒரு முனை, சுவான்சௌ ஒரு முனை. கருப்பூரம் விளையும் இருநாட்டுத் துறைகளிலும் தமிழெழுத்து நிற்பதும், ஒன்றில் சிவாலயமே எழுந்ததும் எண்ணுதற்கு இனியன.

சோழ மன்னரும் இப்பொருளின் பெருமையை அறிந்திருந்தனர். 1077-இல் சோழ நாட்டினின்று 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனப் பேரரசன் அவைக்குச் சென்றது. கொண்டுசென்ற கையுறைகளில் யானைத் தந்தம், பனிநீர், பெருங்காயம், இலவங்கம் முதலியவற்றோடு கருப்பூரமும் இருந்தது எனவும், அவற்றுக்கு ஈடாக 81,800 கோவைச் செப்புக்காசு பெற்றனர் எனவும் சீன வரலாற்று நூல் குறிக்கும். தன் மண்ணில் விளையாத ஒன்றைத் தன் கைப்பொருளாக்கிப் பிறநாட்டு வேந்தர்க்கு அளிக்கும் நிலையில் சோழநாட்டு வாணிகம் இருந்தது.

இதன் விலை எத்துணை என்பதை அயல்நாட்டார் கூற்றுகளால் அறியலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழி வந்த மார்க்கோ போலோ, பன்சூர்க் கருப்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்கும் என எழுதினார். 1443-இல் விசயநகரம் வந்த அப்துர் ரசாக் என்னும் பாரசீகத் தூதர்க்கு மன்னர் தேவராயர் வெற்றிலையும் 500 பணமும் அளித்தபோது, கூடவே கருப்பூரத்தையும் நிறுத்து அளித்தார். பொற்காசோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட பொருள் அது.

மருந்தாகிய மணம்

சரக முனிவர் நூல் வாய் மணம் பெறவும் நாவின் மாசு நீங்கவும் வாயில் அடக்கத் தகும் பொருள்களுள் கருப்பூரத்தையும் சேர்த்தது. தமிழ்நாட்டார் இலவங்கம், ஏலம், கருப்பூரம், சாதிக்காய், தக்கோலம் என்னும் ஐந்தினையும் பஞ்சவாசம் எனத் தொகுத்துத் தாம்பூலத்தோடு கொண்டனர். காயல் துறையில் உயர்ந்தோர் கருப்பூரமும் பிற வாசமும் கூட்டி வெற்றிலை அருந்தியதை மார்க்கோ போலோவும் குறித்துள்ளார். திருக்கோயில்களில் இறைவனுக்குத் தாம்பூலம் நிவேதிக்கும் வழக்கிலும் இவ்வாசம் இடம்பெற்றது.

மருத்துவர் கோழை, வாதவலி, பல்நோய், கண்நோய் என்பவற்றுக்கு உரிய கூட்டுமருந்துகளில் இதனை மிகச் சிறிதளவாகச் சேர்ப்பர். எண்ணெயில் கரைத்துத் தசைப்பிடிப்புக்கும் மூட்டுவலிக்கும் மேற்பூச்சாக இடுவது நாடறிந்த முறை. தோலின்மேல் பட்டவுடன் முதலில் குளிர்ச்சியும் பின்னர் மெல்லிய வெம்மையும் தோன்றுவது இதன் இயல்பு. தட்பவெப்பத்தை உணரும் நரம்பு நுனிகளை அது தூண்டுதலே இதற்குக் காரணம் எனத் தற்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். சீன மருத்துவர் பச்சைக் கருப்பூரத்தைப் 'பனிச்செதில்' எனவும் 'நாகமூளை' எனவும் வழங்கி, மயக்கம் தெளிவிக்கும் மருந்துகளில் சேர்ப்பர்; ஏனைய மருந்துகளைத் தலைக்குக் கொண்டுசெல்லும் தூது என அதனைக் கருதுவர். அக்கருத்தை ஆய்வுக்கூடங்களில் இன்று சோதித்து வருகின்றனர்.

மூன்று கருப்பூரம்

முதலாவது, மேற்கூறிய சுமத்திரா மரத்தின் பளிங்கு. வேதியியலார் அதன் பொருளைப் போர்னியால் என்பர். அதன் நுண்துகள் ஒன்றில் கரிய அணு 10, நீரக அணு 18, உயிரக அணு 1 உள்ளன.

இரண்டாவது, சீனம், தைவான், யப்பான் நாடுகளில் வளரும் இலவங்க இனத்து மரத்தின் சூடம். அம்மரத்தைச் சிறு சிராய்களாகச் செதுக்கி நீராவியில் வேகவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து எடுப்பர். இதில் கரிய அணு 10, உயிரக அணு 1 என்பன முன்போலவே நிற்க, நீரக அணு மட்டும் 16 ஆகும். இரண்டு அணு வேறுபாட்டில் மணமும் குணமும் வேறாகின்றன. போர்னியாலினும் இது விரைவில் ஆவியாகிக் குறையும். மரத்தைச் சிராய்த்து வடிக்கும் முறையால் மிகுதியாகக் கிடைத்தமையின் விலையும் குறைந்தது. மார்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1783-இல் வெளியிட்ட சுமத்திரா வரலாற்றில், யப்பானியக் கருப்பூரத்தின் விலை சுமத்திராக் கருப்பூரத்தின் விலையில் ஒரு சிறு பகுதியே எனக் குறித்தார்.

மூன்றாவது, ஆலையில் ஆக்கப்படுவது. 1870 முதல் செல்லுலாயிடு என்னும் பொருள் செய்வதற்குச் சூடம் பெரிதும் வேண்டப்பட்டது. சீப்பு, பொத்தான், படச்சுருள் என்பன எல்லாம் அதனால் ஆயின. யப்பானியர் 1895-இல் தைவானைக் கைக்கொண்டு, 1899-இல் அங்குச் சூட உற்பத்தியை அரசின் தனியுரிமை ஆக்கினர். விலை ஏறவே ஐரோப்பிய அறிஞர் மாற்றுவழி தேடினர். 1893-இல் பிரெட் என்னும் செருமானியர் சூடத்தின் அணுக்கட்டை விளக்கினார். 1903-இல் பின்லாந்து நாட்டுக் கொம்ப்பா அதனை ஆய்வுக்கூடத்தில் முழுதும் ஆக்கிக் காட்டினார். பின்னர்ப் பைன் மரப் பிசினினின்று எடுக்கும் டர்ப்பன்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலைகள் சூடம் செய்யலாயின. இன்று திருக்கோயில் வாயில்களில் கட்டியாகவும் வில்லையாகவும் விற்கப்படும் சூடம் பெரும்பாலும் இம்முறையில் ஆயதே.

மரச்சூடத்துக்கும் ஆலைச்சூடத்துக்கும் அணுக்கணக்கில் வேறுபாடு இல்லை. ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. மரம் தந்த சூடத்தின் நுண்துகள்கள் எல்லாம் ஒருமுகமாக நின்று ஒளியை வலப்புறம் திருப்பும். ஆலையில் ஆயதில் வலம் திருப்புவன பாதி, இடம் திருப்புவன பாதியாகக் கலந்திருத்தலின் ஒளி எப்பக்கமும் திரும்பாது. சங்குகளில் வலம்புரி, இடம்புரி என்பதுபோல்வது இது. உயிர் வாழும் மரம் ஒருபுரியையே வகுத்துத் தருதல் வியத்தற்குரியது.

வழிபாட்டில் பொருளின் தூய்மை

கருப்பூரம் பொன்விலை விற்ற நாளில் அதனைக் கட்டிகட்டியாக எரித்தல் எளிதன்று. சோழர் கல்வெட்டுகளில் நுந்தா விளக்குக்கு நெய்யளிக்க ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் விட்ட செய்தி பன்முறை வரும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இறைவன் ஆடும் நீரில் இடுதற்கு ஏலவரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சம் வேர் என்பவற்றுக்குக் காசு வைத்து, அதன் வட்டியால் நடத்த ஏற்பாடு செய்திருந்தனர். இன்ன பொருள், இன்ன அளவு எனக் கல்லில் வெட்டிவைத்த அக்கருத்து நோக்கத்தக்கது. வேறு பொருள் புகுந்து பெயரளவில் நிற்றலை அவர் விரும்பவில்லை.

இதன் உயிர்நிலையைக் குங்கிலியக் கலயர் வரலாறு காட்டும். திருக்கடவூர்ப் பெருமானுக்குக் குங்கிலியத் தூபமிடும் பணியை அவர் மேற்கொண்டார். வறுமை மிக்க நாளில், நெல் கொள்ளுமாறு மனைவியார் கழற்றிக் கொடுத்த தாலியைக் கொண்டு, வழியில் வந்த குங்கிலியப் பொதியை வாங்கினார். பட்டினி கிடந்த வீட்டுக்கு நெல் வாங்காது மணம் வாங்கியவர் அவர். மணத்தின் பெயரால் எதையேனும் வாங்கி அமைந்தாரல்லர். நல்ல குங்கிலியம் கண்டே மகிழ்ந்தார். குங்கிலியம் தரும் சாலமரமும் பச்சைக் கருப்பூரம் தரும் சுமத்திரா மரமும் நிலைத்திணை நூல்வழி ஒரே குடும்பத்தன. கொம்பரக்கு, சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமைவெண்ணெய் என்பவற்றோடு இறைவன் திருவடியைப் பீடத்தோடு பிணிக்கும் அட்டபந்தனத்தில் இடம்பெறுவதும் அக்குங்கிலியமே.

கருப்பூர ஒளியின் தத்துவம் யாவரும் அறிந்தது. எரிந்தபின் தட்டில் யாதும் எஞ்சாமை, திருவருள் ஒளி பதிந்தவிடத்து ஆணவத்தின் வலி அற்றொழிதலைக் குறிக்கும். தில்லையில் இரத்தினசபாபதித் திருமேனிக்குக் கருப்பூர ஒளி காட்டும்போது செவ்வொளி ஊடுருவித் தோன்றும் காட்சியைக் கண்டார், ஒளிக்கும் பொருளுக்கும் உள்ள இவ்வுறவை உரையின்றி உணர்வர். தட்டில் எஞ்சாத சூடம் சுவரில் கரியாகப் படிதலும் கண்கூடு. காற்றுப் புகாத கருவறையில் மிகுதியாக ஏற்றினால் திருமேனியும் பழைய ஓவியமும் மங்கும். ஆதலின் சில திருக்கோயில்களில் கருவறைக்குள் நெய்த்தீபமே காட்டிச் சூடத்தை வெளியே ஏற்றுகின்றனர். அது பழமைக்கு மாறன்று. நுந்தா விளக்கின் பழமைக்கே மீளுதலாம்.

அடியார்கள் உளங்கொள வேண்டுவது

இவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. திருமஞ்சன நீர் அடியார் உட்கொள்ளும் தீர்த்தம் ஆதலின், அதில் எக்கருப்பூரம் கலக்கின்றது என்பது உயிரோடு தொடர்புடைய வினா. ஆராதனைச் சூடம் எரித்தற்கே உரியது, உண்டற்கு உரியதன்று. அது குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு. ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிர்க்கு இறுதியாதல் உண்டு. உட்சென்ற சில நிமிடங்களிலேயே வலிப்புத் தோன்றலாம். இத்தீங்கு கருதியே அமெரிக்க அரசு 1982-இல் சூடம் கலந்த எண்ணெய் மருந்தை விலக்கியதோடு, ஏனைய மேற்பூச்சு மருந்துகளிலும் நூற்றுக்கு 11 பங்குக்கு மேற்படலாகாது என வரம்பு செய்தது. வெள்ளைக் கற்கண்டுபோலத் தோன்றும் வில்லையைக் குழந்தை எடுத்து வாயிலிடுதல் எளிது. பூசையறைச் சூடத்தைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் மூடிவைத்தல் வேண்டும். சளிக்கு மருந்தெனக் கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் சூடத்தைப் பூசுதல் ஆகாது. தவறி உண்டால் வாந்தி வருவிக்க முயலாது உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

தீர்த்தத்துக்கும் நிவேதனத்துக்கும் பச்சைக் கருப்பூரம் வாங்குவோர், உணவுக்கு உரியது எனத் தரம் குறிக்கப்பட்டதையே நம்பத்தக்க இடத்தில் வாங்குதல் கடன். சுமத்திரா மரங்கள் இன்று அருகிவிட்டன. பச்சைக் கருப்பூரம் என்னும் பெயரால் வருவன எல்லாம் அம்மரத்துச் சரக்கு அல்ல. பெயரை நோக்கிக் கொள்ளாது பொருளை ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும். அளவும் கடுகத்தனையே அமையும். மணம் தோன்றின் போதும், மிகுதல் சிறப்பன்று. திருப்பணிக்குக் கருப்பூரம் உதவும் அன்பர்கள், ஆராதனைக்கு இது, திருமஞ்சனத்துக்கு இது எனத் தனித்தனியே குறித்து அளிப்பாராயின், கல்லில் அளவு வெட்டிவைத்த முன்னோர் நெறி இந்நாளிலும் நின்று விளங்கும்.

வாரோசு, சூடன், சீனச் சூடன் எனப் பிரித்தறிந்த உரையாசிரியர் நாட்டில், அவ்வேறுபாடு மறக்கப்படலாகாது. அறிந்து செய்யும் வழிபாடு அன்பில் குறைந்தது ஆகாது. இறைவன் அன்பர் தருவதையே கொள்வான் என்பது உண்மை. தருவது நற்பொருளாகவும், தீர்த்தமாக மீளும்போது அடியார்க்கு நலம் செய்வதாகவும் அமைதல் வேண்டும் என்பதும் அன்பின் பகுதியே. குடமுழுக்கு நீர் விமானத்தின்மேல் பொழியும்போது அதன் மணம் தூயதாய் எங்கும் பரவுக. அத்தீர்த்தம் பெறும் அடியாரும் அவர்தம் மக்களும் நோயின்றி நீடு வாழ்க. திருப்பணிச் செல்வர் குலம் தழைக்க. சைவ நன்னெறி ஓங்குக.

திருச்சிற்றம்பலம்